ஒருநாள் வீடு

புருஷன் பலவேசம் முனகினால் பாலம்மாளுக்குப் பீடி ஓடாது. இலையை உருட்டுகிற விரல்கள் பாதியில் நின்றுவிடும். முனகல் அடங்கி மூச்சு சீரானதும் தாமாகவே மறுபடி ஓடும். அப்படி நின்று ஓடிய பீடிகள் நடுவில் மெலிந்திருக்கும். பீடிக் கடைக்காரர் அவற்றைத் தடவிப் பார்த்தே ஒதுக்கித் தள்ளுவார். நாலு மாதமாக இதுதான் நடக்கிறது, கடைக்காரருக்கும் அலுத்துவிட்டது.

குத்துக்கல்வலசையில் அந்தத் தெரு வீடுகளுக்கெல்லாம் ஒற்றைச் செங்கல் சுவர். பலவேசத்தின் முனகல் பக்கத்து வீட்டு நூர்நிஷா வரைக்கும் போகும். அவளும் பீடி சுற்றுகிறவள்தான், வயதான வாப்பாவை வைத்துக் காப்பாற்றுகிறவள். "அண்ணனுக்கு இன்னைக்கு எப்படி இருக்குக்கா?" என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தவள், போகப் போகக் கேட்பதை நிறுத்திவிட்டாள். கேட்டுத்தான் என்ன ஆகப்போகிறது.

பலவேசம் குற்றாலத்தில் பேரருவிக் கரையில் எண்ணெய் தேய்த்துப் பிழைத்தவர். சீசனில் வெளியூர்க்காரர்கள் வரிசையாக முதுகைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வசதியானவர்கள் லாட்ஜ் அறைக்கே கூப்பிட்டு விடுவார்கள். அவர் கை பட்டால் சுளுக்கு பறந்துவிடும் என்று பெயர். வயிற்றில் வந்த கட்டி முதுகெலும்பு வரைக்கும் பரவிய பிறகு அவரை யாரும் தொட முடியவில்லை. போர்வை உரசினால்கூட அலறினார். ஊரார் உடம்பையெல்லாம் தொட்டுச் சோறு தின்ற மனிதரைக் கட்டிய பெண்டாட்டி தொட முடியவில்லை. அதுதான் பாலம்மாளுக்கு எல்லாவற்றிலும் பெரிய வேதனை.

நாலு மாதம் முன்பு, தென்காசியில் ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்புகிற அன்று தரை துடைக்கிற பெண் ஒருத்தி பாலம்மாளின் காதைக் கடித்தாள். குற்றாலம் ரோட்டில் ஓர் இடம் இருக்கிறது, வலிக்கென்றே மருந்து கொடுப்பார்கள் என்றாள். எந்த இடம் என்று பாலம்மாளுக்கு உடனே புரிந்துவிட்டது. அங்கே போக வேண்டியிருக்குமோ என்று டாக்டரிடமே கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே, "அங்கெல்லாம் போற ஸ்டேஜ் இன்னும் வரலைம்மா" என்று சொல்லிச் சாதாரண வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு வார்த்தையில் அவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கியது.

அந்த இடத்துக்கு ஊரில் ஒருநாள் வீடு என்று பெயர். முன்பு அது சீசன் லாட்ஜ். இப்போது யாரோ ஒரு டிரஸ்ட்காரர்கள் எடுத்து, பிழைக்கமாட்டாத நோயாளிகளை வைத்துப் பார்க்கிறார்கள். சுண்ணாம்பு அடித்தும் லாட்ஜின் பழைய பெயர் சுவரில் மங்கலாகத் தெரியும். உள்ளே போனவர் மறுநாள் வெளியே வருவது வெள்ளைத் துணியில்தான் என்று சொல்வார்கள். குற்றாலம் பஸ் அந்த கேட்டைத் தாண்டும்போது சன்னலோரத்தில் இருக்கிறவர்கள் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வார்கள். பிள்ளைத்தாய்ச்சிகள் முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொள்வார்கள். பாலம்மாளும் எத்தனையோ முறை முகத்தைத் திருப்பியிருக்கிறாள்.

வீட்டில் பலவேசத்துக்கு இரண்டு முறை பால் ஊற்றியாயிற்று. சொந்தபந்தமெல்லாம் வந்து, ஆளுக்கு ஒரு கரண்டி பாலை வாயில் விட்டு, அழுது விடைகொடுத்துவிட்டுப் போனார்கள். இரண்டு முறையும் அவர் போகவில்லை. அருவியில்தான் உயிர் நிற்கிறது என்று கொழுந்தன் சுடலைமாடன் ஒரு குடம் அருவித் தண்ணீர் கொண்டுவந்து அண்ணனின் உதட்டை நனைத்துப் பார்த்தான். அதற்கும் நகரவில்லை. விடைகொடுத்தவர்கள் மறுபடி வந்து முகம் பார்க்கக் கூசினார்கள். கடைத்தெருவில் பாலம்மாளைக் கண்டால், இன்னும் இருக்கிறாரா என்று கண்ணாலேயே கேட்டார்கள். இருக்கிறவரைப் பேய் மாதிரி ஆக்கிவிட்டார்களே என்று அவளுக்கு ஆத்திரமாக வரும். சில வேளை, கட்டிலில் கிடந்து விட்டத்தையே பார்க்கிற அந்தக் கண்களைக் கண்டு அவளுக்கே பயமாகவும் இருக்கும்.

சுடலைமாடன் கீழப்பாவூரில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். அண்ணன்மேல் உயிர். ஒருநாள் வெயில் தாழ வந்தவன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். உள்ளே பலவேசம் முனகிக்கொண்டிருந்தார். பாலம்மாளின் மடியில் பீடி இலையும் தூளும் பரப்பிய சொளகு இருந்தது, விரல்கள் நின்றிருந்தன.

"மைனி, நான் ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதிய. அந்த ஒருநாள் வீட்டுல கொண்டு விட்டிருவமா? அங்கன போனா மறுநாளே முடிஞ்சிருதுன்னு சொல்லுதாவ. அண்ணன் படுத பாட்டைக் காணச் சகிக்கல."

முனகல் அடங்கியது. பாலம்மாள் பாதியில் நின்ற பீடியைச் சுற்றி முடித்து, நூலால் கட்டி, சொளகில் போட்டாள்.

"ஆட்டோல கொண்டு போனா உடம்பு தாங்காது," என்றாள். "வேன் சொல்லு."

அவ்வளவுதான் பேச்சு. அவரைச் சாகக் கொடுக்க அவள் சம்மதித்தது அந்த ஒரு வரியில் முடிந்துவிட்டது.

மறுநாள் காலையில் சுடலைமாடன் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டான். டாக்டர் தலையைக்கூட நிமிர்த்தாமல், இப்போது போகலாம் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். வேன் வந்து நின்றபோது தெருப் பெண்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். யாரும் எங்கே என்று கேட்கவில்லை. நூர்நிஷாவின் வாப்பா மட்டும் வீங்கிய கன்னத்தைத் துண்டால் பொத்திக்கொண்டு, நல்லபடியாகப் போய் வாருங்கள் என்றார். நூர்நிஷா அவரைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள்.

சீசன் முடிந்துவிட்டது. ஐயப்பன் கூட்டமும் இன்னும் தொடங்கவில்லை. குற்றாலம் ரோட்டில் லாட்ஜுகளெல்லாம் பூட்டிக் கிடந்தன. மலை முழுக்க மேகத்துக்குள் இருந்தது, பட்டப்பகலிலும் விளக்கு வேண்டியிருந்தது. ஒருநாள் வீட்டின் கேட் திறந்தே இருந்தது. சுடலைமாடன் கேட்டுக்கு உள்ளே கால் வைக்கவில்லை. நாளைக்கு வேனோடு வந்துவிடுகிறேன் என்றான். சொன்ன பிறகு அவன் முகம் வெளிறிப்போனது.

உள்ளே நீளமான கூடம். வரிசையாகக் கட்டில்கள். ஒவ்வொன்றிலும் சுருக்கமில்லாமல் இழுத்து விரித்த வெள்ளை விரிப்பு, ஒரு தலையணை. ஒன்றில்கூட ஆள் இல்லை. சுவரோரம் கதவுகளில் பழைய அறை எண்கள் அப்படியே இருந்தன. சத்தமே இல்லை. பாலம்மாளின் செருப்புச் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வந்து, பின்னால் இன்னொருத்தி நடந்து வருவதுபோல் கேட்டது. அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

நர்ஸ் ஞானபாக்கியம் என்பவள் வந்து, பலவேசத்தை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்து கிடத்திய கட்டிலருகே முட்டி போட்டு உட்கார்ந்தாள். பாலம்மாளைப் பார்க்கவில்லை. பலவேசத்தைப் பார்த்து, "அண்ணாச்சி, எங்கன வலிக்கு?" என்று கேட்டாள். அவரிடம் யாரும் நேராகப் பேசி எத்தனையோ நாளாகியிருந்தது. அவர் உதடு கோணியது. முதுகு என்று கையால் காட்டினார்.

பின்கட்டிலிருந்து டாக்டரம்மா வந்து சீட்டைப் படித்தார், பலவேசத்தைச் சோதித்தார், மருந்து சொன்னார். ஞானபாக்கியம் ஊசியை எடுத்தாள். இதுதான் அந்த மருந்து என்று பாலம்மாள் நினைத்தாள். முடித்துவைக்கிற மருந்து. வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், சொல்லவில்லை. ஊசி இறங்கியது. கொஞ்ச நேரத்தில் முனகல் இடைவெளி விட்டது. பிறகு நின்றது. நெற்றிச் சுருக்கம் பிரிந்தது. கை விரல்கள் விரிந்து விரிப்பின்மேல் கிடந்தன.

அவள் அழவில்லை. வேலை முடிந்தது என்று மட்டும் தோன்றியது. முகம் கழுவ எழுந்து குளியலறைக்குப் போனாள்.

அங்கே சன்னல் திட்டில் சோப்புகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் தனித்தனிச் சிறு தட்டில். ஒன்றுகூடத் தேய்ந்திருக்கவில்லை. எல்லாவற்றின் மேலும் பதித்த எழுத்து அப்படியே இருந்தது. ஓரம் மட்டும் லேசாக மழுங்கியிருந்தது. ஒருமுறை தண்ணீர் பட்ட சோப்புகள். எதற்கு இத்தனை என்று யோசித்தவளுக்கு மெல்லப் புரிந்தது. ஆளுக்கு ஒரு புதுச் சோப்பு. ஒரே ஒரு குளியல். அவள் எதையும் தொடாமல் வெறும் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஏட்டி," என்று குரல் கேட்டது.

கூடத்தில் விளக்கு போட்டிருந்தார்கள். அவள் அசையாமல் நின்றாள். செத்தவர் கூப்பிட்டால் திரும்பக் கூடாது என்பார்கள்.

"ஏட்டி, பசிக்கு."

அவள் கட்டிலருகே போய் நின்றாள். பலவேசம் அவளைப் பார்த்தார். விட்டத்தை அல்ல, அவளை. கஞ்சி வந்தது. அவர் குடித்தார். குடித்துவிட்டு வாயைத் துடைக்கச் சொன்னார். துடைக்கும்போது அவள் கை அவர் தாடையில் பட்டது. அவர் அலறவில்லை. அவள் கையை எடுக்க மறந்து அப்படியே வைத்திருந்தாள்.

மறுநாள் காலையில் அவருக்குப் பேச்சு நன்றாக வந்தது, நினைவுதான் இங்குமங்கும் போயிற்று. இந்த லாட்ஜுக்கு முன்பு எண்ணெய் தேய்க்க வந்திருக்கிறார். ஆறாம் நம்பரில் செங்கோட்டை முதலாளி தங்குவார் என்றார். பிறகு கையை உயர்த்தி, காற்றில் யாருடைய தோளையோ பிடித்துவிட ஆரம்பித்தார். கட்டை விரல் அழுத்தியது, விரல்கள் இறங்கின. சரியாகத்தான் பிடித்தார். அங்கே ஆள்தான் இல்லை.

"ஆளுங்க காத்துக்கிட்டு நிக்காவ. ஒவ்வொருத்தரா வரச் சொல்லு."

"யாருங்க? யாருமில்லையே," என்றாள் பாலம்மாள்.

"அந்தக் கடைசிக் கட்டில் பக்கம் பாரு. கழுத்துல கட்டுப் போட்ட பொம்பளை. மூக்குத்தி போட்டிருக்கா. பாவம், தோள்பட்டை இறுகிப் போயிருக்கு."

கையில் மருந்துத் தட்டோடு வந்த ஞானபாக்கியம் நின்றுவிட்டாள். பாலம்மாளை வெளியே கூப்பிட்டுப் போய், போன வாரம் அப்படி ஓர் அம்மா வந்ததாகச் சொன்னாள். கழுத்தில் கட்டு, மூக்குத்தி. அந்தக் கட்டில்தான். சாயங்காலம் கொண்டுவந்தார்கள், விடிவதற்குள் உயிர் போய்விட்டது. குளிப்பாட்டக்கூட நேரம் கிடைக்கவில்லை, பெயரைக் கூப்பிட்டுப் பழகுவதற்குள் முடிந்துவிட்டது. மருந்து மயக்கத்தில் நோயாளிகள் எதையாவது பார்ப்பது உண்டு, இவர் எப்படி அந்த அம்மாவைப் பார்த்தார் என்றுதான் தெரியவில்லை என்றாள். கூடத்துக்குத் திரும்பியபோது பாலம்மாள் கடைசிக் கட்டிலை ஒட்டாமல் சுற்றிக்கொண்டு வந்தாள்.

வெயில் ஏறியபோது சுடலைமாடன் வேனோடு வந்து கேட்டில் நின்றான். கையில் கோடித்துணிப் பொட்டலம். கூடத்தின் சன்னல் வழியே அண்ணன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருப்பதைக் கண்டவன், பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு ஓர் எட்டுப் பின்வாங்கினான்.

"ஏலே, அங்கன என்னலே நிக்க. உள்ள வாலே," என்றார் பலவேசம்.

அவன் உள்ளே வந்து அண்ணனின் காலைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். பலவேசம் அவன் தலையைத் தடவினார். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, வேனைத் திருப்பி அனுப்பவேண்டும் என்று போய்விட்டான்.

பாலம்மாள் ஞானபாக்கியத்தைத் தேடிப் போனாள். அவள் முற்றத்தில் ரோட்டுப் பக்கம் விரிப்புகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, இந்த மருந்து எப்பலேருந்து இங்கன இருக்கு?"

"வீடு தொடங்கின நாள்லேருந்து இருக்குக்கா."

"நாலு மாசம் முந்தி இருந்துச்சா?"

"இருந்துச்சு. இங்கன படுக்கணும்னுகூட இல்ல. சொல்லிவிட்டா வீட்டுக்கே வந்து பாத்து, மருந்து குடுத்திருப்போம்." ஞானபாக்கியம் விரிப்பை உதறினாள். "எல்லாரும் மூச்சு இழுக்கும்போதுதான் கொண்டு வருதாவ. டாக்டருங்களும் அப்பம்தான் எழுதிக் குடுக்காவ. அதான் ஒருநாள்ல போயிருதாவ. நாங்க அனுப்பி வைக்கலக்கா."

கொடிக்கு அப்பால் குற்றாலம் பஸ் போயிற்று. சன்னலோர முகங்கள் ஒவ்வொன்றாக மறுபக்கம் திரும்பியதைப் பாலம்மாள் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்கும் அருவிக்கும் இந்த ரோட்டில்தானே போய் வந்தேன், பஸ்ஸை விட்டு இறங்கியிருந்தால் போதுமே என்று நினைத்தாள். ஈர விரிப்புக்குக் கீழே தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அன்று மாலையில் அவர் எண்ணெய் தேய்த்துவிடச் சொன்னார். ஞானபாக்கியம் கொஞ்சம் நல்லெண்ணெயைச் சூடாக்கிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். பாலம்மாள் தோளிலிருந்து தொடங்கினாள். எலும்பெல்லாம் கைக்கு வந்தது. அழுத்தாதே, கையின் சூடு போதும் என்று அவர் சொல்லிக் கொடுத்தார். கண்ணை மூடிக்கொண்டே பேசினார்.

"தம்பி வாசல்ல வச்சுச் சொன்னது எனக்குக் கேட்டுச்சு."

அவள் கை நின்றது.

"நீ வேன் சொல்லுன்னதும் கேட்டுச்சு. சரி, தீரட்டும்னுதான் நானும் கெடந்தேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "கையை எடுக்காதட்டி. எவ்வளவு நாளாச்சு."

அவள் அழுதுகொண்டே தேய்த்தாள். கண்ணீரும் எண்ணெயோடு சேர்ந்து அவர் தோளில் இறங்கியது. இன்னும் ஒரு மாதம் இப்படிக் கிடைத்தால் போதும் என்று குற்றாலநாதரை வேண்டினாள். சாகக் கொண்டுவந்தவள் இப்போது நாள் கேட்கிறாளே என்று சாமி சிரிக்குமோ என்றும் நினைத்தாள்.

மூன்றாம் நாள் காலையில் வெந்நீர் வைத்து, புதுச் சோப்புப் பிரித்து, அவளே அவரைக் குளிப்பாட்டினாள். அவர் அருவிக்கரையில் பாடுகிற ஏதோ ஒரு மெட்டை முனகினார். முனகல் என்றதும் அவள் கை நின்றுவிட்டது. பிறகுதான் பாட்டு என்று தெரிந்தது. மதியம் அவள் கை அவர் தோளில் இருக்கும்போதே மூச்சு நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவளுக்குத் தெரிந்தது.

கிளம்பும்போது ஞானபாக்கியம் அவருடைய வேட்டி, துண்டோடு சோப்பையும் ஒரு தாளில் மடித்துக் கொடுத்தாள். திட்டில் வைக்க இடமில்லை அக்கா என்றாள்.

துக்க வீட்டில் சுடலைமாடன் வந்தவர்களிடமெல்லாம் நன்றியோடுதான் சொன்னான். "நல்ல எடம் அது. மத்தவங்களுக்கு ஒரு நாள்னா நம்ம அண்ணனுக்கு மூணு நாள் எடுத்துச்சு, அவ்வளவுதான். கஷ்டமே இல்லாம முடிச்சுட்டாவ. கடைசில கொண்டு போவதுக்கு அத விட்டா வேற எடம் கெடையாது." எல்லாரும் தலையாட்டினார்கள். பாலம்மாள் குறுக்கே பேசினாள். அங்கே கஞ்சி குடித்தார், சிரித்தார், பாடினார், நாலு மாதம் முன்பே போயிருக்கவேண்டும் என்று சொன்னாள். பெண்கள் அவளை அணைத்துக்கொண்டு, தண்ணீர் கொடுத்து, படுக்கவைத்தார்கள்.

பதினாறு கழிந்து அவள் மறுபடி சொளகை மடியில் எடுத்தாள். வீடு அமைதியாக இருந்தது. விரல்கள் நிற்காமல் ஓடின. கடைக்காரர் ஒரு பீடியைக்கூட ஒதுக்கவில்லை, கை தெளிந்துவிட்டது என்று பாராட்டினார். அவளுக்கு அவரை அறைய வேண்டும்போல் இருந்தது.

கார்த்திகையில் ஒரு மத்தியானம் அவள் விரல்கள் தாமாக நின்றன. கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். காலியாகத்தான் இருந்தது. முனகல் மறுபடி வந்தது. கட்டிலிலிருந்துதான் வருகிறது என்று ஒரு கணம் நம்பினாள். பிறகு எழுந்து போய்ச் சுவரில் காதை வைத்தாள்.

நூர்நிஷாவின் வாப்பாவுக்குக் கன்னத்தில் வந்தது புற்று என்று அப்போதுதான் தெரிந்தது. தென்காசியில் காட்டிவிட்டு வந்திருந்தார்கள். பாலம்மாள் நூர்நிஷாவை வாசலுக்குக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். ஊசி, கஞ்சி, எண்ணெய், எல்லாம். இன்றைக்கே கூட்டிப் போகலாம், நானும் வருகிறேன் என்றாள். நூர்நிஷா அவள் கையைப் பிடித்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டாள். அவள் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. சோறு இறங்கிய முகம்.

"டாக்டர்ட்ட நானே கேட்டுட்டேன்க்கா. அங்கெல்லாம் போற அளவுக்கு இன்னும் வரலைன்னு சொல்லிட்டாவ," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த வீட்டுப் பேரு வாப்பா காதுல விழுந்திரக் கூடாதுக்கா" என்று கதவைச் சாத்தினாள்.

பாலம்மாள் வீட்டுக்குள் வந்தாள். கையெல்லாம் புகையிலைத் தூள். கழுவுவதற்காகப் பரணிலிருந்து அந்தத் தாள் மடிப்பை எடுத்துப் பிரித்தாள். சோப்பின் மேல் எழுத்து அழியாமல் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் நூர்நிஷா கத்தரியால் பீடி இலை வெட்டுகிற சத்தம் கேட்டது. முனகல் வந்ததும் கத்தரிச் சத்தம் நின்றது. முனகல் அடங்கியதும் மறுபடி கேட்டது.